அத்தியாயம் 6: சம்பளத்துக்கு முந்திய வாரம் – இரத்மலானையில் ஒரு சமூக உணவுக் களஞ்சியம்

சமூக உணவுக் களஞ்சியம் என்பது, ஓர் ஊரவர் தாமே சேர்த்த அரிசி, பருப்பு, தேங்காய், கருவாடு முதலிய சமைக்காத பொருள்களை, அதே ஊரில் உலை வைக்க வழியில்லாத வீடுகளுக்கு, குறித்த நாளில், விலையின்றி, பெறுபவர் மனம் கூசாதபடி கொடுக்கும் சிறிய இடமாகும். இதனை ஒத்த வேறு இரண்டு ஏற்பாடுகளிலிருந்து இதைத் தொடக்கத்திலேயே பிரித்தறிய வேண்டும். முதலாவது உணவு வங்கி. 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய செயின்ட் மேரி உணவு வங்கியை முன்னோடியாகக் கொண்ட இது, கடைகளும் ஆலைகளும் விற்காமல் ஒதுக்கும் உணவைப் பெரிய பண்டகசாலையில் சேர்த்துப் பெரும்பாலும் சிறிய தொண்டு நிலையங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. இரண்டாவது சமைத்த உணவு வழங்கும் சமுதாயச் சமையலறை; இது தமிழருக்குப் புதியதன்று. வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையும், 1876–77 பஞ்ச காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் நடத்திய கஞ்சித் தொட்டித் தருமமும், 2022இல் இலங்கை நிலைகுலைந்தபோது மோசஸ் ஆகாஷ் என்னும் போதகர் இராஜகிரியவில் ஒரு தேவாலயத்தில் தொடங்கிப் பிற இடங்களுக்கும் விரித்த சமையலறைகளும் அவ்வகையைச் சேர்ந்தவை.

வீடு, அடுப்பு, வேலை மூன்றும் இருந்தும் மாதத்தின் சில நாட்களில் மட்டும் பானை வெறுமையாகும் குடும்பத்துக்குச் சோற்றுப் பார்சலைவிட அரிசியே பொருந்துகிறது. பார்சலுக்காக வரிசையில் நிற்கும் தாய் ஒரு வேளைக்கு மட்டுமே பிள்ளைகளுக்கு உணவு கொண்டுபோகிறாள். 3 கிலோ அரிசியோடு வீடு திரும்புபவள் தன் கையால், தன் நேரத்தில், தன் வீட்டுச் சுவையில் சில நாட்களுக்குச் சமைக்கிறாள். அடுப்பில்லாதவருக்கு இது பொருந்தாது. அவர்களைப் பற்றிப் பின்னர் கூறப்படும்.

இரத்மலானையின் பசி

கொழும்புக் கோட்டையிலிருந்து காலி வீதி வழியே தெற்கில் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவில், கல்கிசைக்கும் மொறட்டுவைக்கும் நடுவே அமைந்த இரத்மலானை, தொழிற்சாலைகளின் ஊர். புகையிரத வேலைத்தளம், விமான நிலையம், மலிபன் சந்திக்குப் பெயர் தந்த பிஸ்கட் ஆலை, உள் வீதிகளில் ஆடைத் தொழிற்சாலைகள், கடலோரத் தண்டவாளத்தை ஒட்டிப் பலகையாலும் தகரத்தாலும் எழுந்த வீடுகள், திருநந்தீஸ்வரம் கோயில், இந்துக் கல்லூரி, பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், விகாரைகள் என யாவும் நெருங்கிக் கிடக்கும் இவ்வூரில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கின்றனர். எனவே இங்கு ஒரு சமயத்துக்கோ மொழிக்கோ உரியதாகத் தோன்றும் களஞ்சியம் தொடக்கத்திலேயே ஊரில் பாதிப் பேரை இழந்துவிடும்.

2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியமை, எரிவாயுவும் எரிபொருளும் கிடைக்காமை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்தபோது, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 94.9 சதவீதத்தை எட்டியது. ஓராண்டுக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபாய் தேவைப்பட்டது என்பது இதன் பொருள். அவ்வாண்டில் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் இணைந்து செய்த மதிப்பீடு, நாட்டில் 63 இலட்சம் பேர், அதாவது மக்களில் 28 சதவீதத்தினர், உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாகக் கண்டது; 2023இல் அத்தொகை 39 இலட்சமாகக் குறைந்தது. விலை உயரும் வேகம் தணிந்தது உண்மையே. ஆயினும் உயர்ந்த விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை, கூலியும் அதே அளவுக்கு ஏறவில்லை. வரிசைகள் மறைந்த பின்னும் பசி வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்துவருவதற்குக் காரணம் இதுவே.

களஞ்சியம் திறக்க விரும்புவோர் முதலில் எழுத வேண்டியது பொருள்களின் பட்டியலன்று, ஊரின் பசி நாட்காட்டி. தனியார் தொழிற்சாலைகளில் சம்பளம் பொதுவாக அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் கொடுக்கப்படுவதால், அங்கு வேலை செய்யும் குடும்பங்களுக்கு மாத இறுதியைவிட அடுத்த மாதத்தின் முதல் வாரமே கடினமானது. கடைக்காரரின் கடன் கொப்பியில் பக்கம் நிரம்பியிருப்பதும் அந்த வாரத்தில்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது மீனவர் வீடுகள் வருமானமிழக்கின்றன. ஒக்டோபர், நவம்பர் மழையில் கொத்தனாருக்கும் கூலியாளுக்கும் வேலை நின்றுபோகிறது. பாடசாலைத் தவணை தொடங்கும்போது அரிசிக்கு வைத்த பணம் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் போகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கும் வெசாக்குக்கும் நோன்புக்கும் நத்தாருக்கும் கொடுப்போர் பலர் இருப்பதால், அக்காலங்களில் வரும் நன்கொடையை முழுவதும் அப்போதே பகிராமல், ஜூன், ஜூலை மாதங்களுக்கென எடுத்துவைப்பதே அறிவுடைமை.

பெரிய நாளும் சிறிய நாளும்

2020 மே 21 அன்று, கொரோனா முடக்கத்தின்போது, கொழும்பு மாளிகாவத்தையில் வணிகர் ஒருவர் நோன்பு காலத் தருமமாகப் பணம் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 3 பெண்கள் இறந்தனர். கொடுத்தவரின் நோக்கத்தில் குறை காண வேண்டியதில்லை; மீண்டும் எப்போது கிடைக்கும் என்று தெரியாத கொடை, பசித்தவரைக் கட்டாயம் முண்டியடிக்கச் செய்கிறது என்பதே அங்கு கண்ட உண்மை. அடுத்த வியாழக்கிழமையும் இதே கதவு திறக்கும், இதே அளவு கிடைக்கும் என்று நம்பும் பெண் ஓட மாட்டாள். ஆகவே நிறையக் கொடுப்பதைவிடத் தவறாமல் கொடுப்பதே களஞ்சியத்தின் முதல் கடமை என்பது இந்நூலின் உறுதியான கருத்து. மேடை, பதாகை, பெறுபவரை நிறுத்தி எடுக்கும் புகைப்படம் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை; புகைப்படத்தை நிபந்தனையாக வைக்கும் நன்கொடையை மறுத்துவிடும் துணிவு குழுவுக்கு வேண்டும்.

வெளிப்படைத்தன்மை வேறு, ஆரவாரம் வேறு. 2021 ஏப்ரல் 14 அன்று பிலிப்பைன்ஸ் நாட்டின் கெசோன் நகரில், ஆனா பத்ரிசியா நோன் என்னும் இளம்பெண் மகின்ஹாவா வீதியோரத்தில் ஒரு மூங்கில் வண்டியில் காய்கறியும் அரிசியும் வைத்து, இயன்றதைக் கொடுங்கள், தேவையானதை எடுங்கள் என்று எழுதியபோது, சில நாட்களில் நாடெங்கும் அத்தகைய வண்டிகள் தோன்றின; ஆனால் அரசுத் தரப்பினர் சிலர் அதற்குக் கிளர்ச்சிச் சாயம் பூசியதால் ஏப்ரல் 20 அன்று அவர் வண்டியைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. இலங்கை போன்ற நாட்டில், குறிப்பாகத் தமிழர் கூடிச் செய்யும் எந்த வேலையும் ஐயத்தோடு பார்க்கப்பட்ட காலத்தைக் கடந்துவந்த கொழும்பில், கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸ் நிலையத்திலும் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுவது வீண் சிரமமன்று. சிறிய சங்கமாகப் பதிவுசெய்வதற்குரிய வழியைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். வெளிநாட்டுப் பணம் பெறும் எண்ணமிருந்தால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூகசேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவைப் பற்றிச் சட்டத்தரணி ஒருவரைக் கேட்பது நல்லது.

பெயர் எழுதும் கொப்பி

யாருக்குக் கொடுப்பது என்னும் வினாவில்தான் பெரும்பாலான களஞ்சியங்கள் தடுக்கி விழுகின்றன. அரசின் சமுர்த்தி உதவிக்குப் பதிலாக 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும திட்டம், குடும்பங்களை நான்கு வகுப்பாகப் பிரித்து, தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை வழங்கியது; விடுபட்டோரின் மேன்முறையீடுகள் அந்த ஆண்டே குவிந்தன. அப்பட்டியலையே களஞ்சியமும் பின்பற்றினால், அரசின் கண்ணில் படாதவர் ஊரின் கண்ணிலும் படாமல் போவர். இரத்மலானையில் அப்படிப்பட்டவர் பலர்: மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வேலைக்கு வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் தொழிலாளி, பதிவு சொந்த ஊரில் இருப்பதால் இங்கு எந்தப் பட்டியலிலும் இல்லை, மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதால் வசதியானவளாகக் கருதப்படும் முதியவளுக்கு அந்த மகனிடமிருந்து பணம் வந்து பல மாதங்கள் ஆகியிருக்கலாம்.

எனவே சான்று கேட்காமல் சொல்லை நம்புவதே முறை. இதில் ஏமாற்றுவோர் இருப்பார்களே என்று குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். வாரத்துக்கு 3 கிலோ அரிசிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, அயலார் பார்க்கப் பையோடு நடந்துபோகச் சம்மதிக்கும் ஒருவருக்கு ஏதோ ஒரு குறை இருக்கவே செய்யும். ஒருவரைத் தடுப்பதற்காகப் பத்துப் பேரை விசாரிப்பது அந்தப் பத்துப் பேரையும் திரும்பி வராமல் செய்துவிடும்.

பதிவுக் கொப்பி வேண்டும்தான். ஆனால் அதில் எழுத வேண்டியவை மூன்று மட்டுமே: ஓர் இலக்கம், வீட்டில் உள்ளோர் தொகை, அடுப்பு உண்டா இல்லையா என்பது. இனம், சமயம், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி எதுவும் வேண்டாம். இது வெறும் நாகரிகம் பற்றிய அறிவுரையன்று. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்திருந்தன. வீடிழந்த ஆயிரக்கணக்கானோருக்கு அப்போது இரத்மலானை விமான நிலையம் அகதி முகாமாயிற்று. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் இலக்காயின. பட்டியலில் தன் பெயரைக் கண்டு அஞ்சும் முதியவர் ஒருவர் இவ்வூரில் இருந்தால், அவர் அச்சம் காரணமற்றதன்று. அவரிடம் பெயர் கேட்காமலே அரிசி கொடுக்கக்கூடிய ஏற்பாடு வேண்டும். இலக்கம் எழுதிய ஒரு சிறிய அட்டை அதற்குப் போதும். கொப்பி இரவில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். ஆண்டு முடிவில் தொகைகளை மட்டும் வேறிடத்தில் எழுதிக்கொண்டு பழைய கொப்பியை எரித்துவிடலாம்.

அரிசிக் கணக்கு

ஆளொருவர் ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் அரிசி உண்ணும் இந்நாட்டில், 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 8 கிலோ தேவை. புதிய களஞ்சியம் அதை முழுமையாகக் கொடுக்க முயலக் கூடாது. 40 குடும்பங்களுக்கு வாரம் 3 கிலோ என்றால் 120 கிலோ. 4 வாரத்துக்கு 480 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டைகள் 20க்குச் சற்றுக் குறைவு. தெரிந்த இந்த அளவைத் தவறாமல் திரட்ட முடியுமென்று மூன்று மாதம் நடத்திப் பார்த்த பின்னரே 41ஆவது குடும்பத்தைச் சேர்க்க வேண்டும்.

இந்த 480 கிலோவில் பாதியைப் பழைய வழக்கம் ஒன்றே தந்துவிடும். யாழ்ப்பாணத்தில் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிடியரிசி எடுத்த வழக்கத்தை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் முதியோர் அறிவர்: உலையில் இடுவதற்கென அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் போட்டுவைப்பர், வாரம் ஒருமுறை ஒருவர் வந்து அதைச் சேர்த்துச் செல்வார். ஒரு பிடி 40 கிராம் எனக் கொண்டால் 200 வீடுகளிலிருந்து நாளுக்கு 8 கிலோ, 30 நாளில் 240 கிலோ. இரத்மலானைக்கு அடுத்த ஊரான மொறட்டுவையில் தலைமையகம் கொண்டதும், 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தொடங்கியதுமான சர்வோதய இயக்கத்தின் சிறுவர் பள்ளிகளிலும் இதே எண்ணம் வேறு வடிவில் இருந்தது; ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தீப்பெட்டி நிறைய அரிசி கொண்டுவர, அது சேர்ந்து எல்லாருக்கும் உணவாயிற்று. தீப்பெட்டி அரிசியை ஏழைத் தாயும் கொடுக்க முடியும் என்பதே அதன் அழகு. களஞ்சியத்தில் பெறும் வீடும் விரும்பினால் ஒரு பிடி கொடுக்கட்டும். அதைத் தடுக்காதிருப்பது அக்குடும்பத்துக்குச் செய்யும் மரியாதை.

பிடியரிசியில் ஒரு சிக்கல் உண்டு, அதைச் சமைத்தவரே அறிவர். ஒரு வீட்டில் நாடு, அடுத்த வீட்டில் சம்பா, இன்னொன்றில் சிவப்புப் பச்சையரிசி எனக் கலந்துவரும் அரிசியை ஒரே பானையில் இட்டால், ஒன்று குழைந்து மற்றொன்று நறுக்கென்றிருக்கும். சேர்க்கப் போகும்போதே மூன்று வாளிகள் கொண்டுசென்று வகை பிரித்து வாங்குவது இதற்குத் தீர்வு. பிரிக்க முடியாமற் போன கலப்பரிசியைச் சோற்றுக்கென்று கொடுத்துவிடாமல், கஞ்சிக்கு என்று எழுதித் தனியே வைக்க வேண்டும். பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கஞ்சியில் அந்தக் குறை தெரியாது. அளப்பதற்குத் தராசோடு ஒரு சுண்டும் இருக்கட்டும். பால்பேணியால் அளக்கும் இப்பழைய அளவை, கிலோக் கணக்கைவிட முதியோருக்கு நன்றாகப் புரியும். 4 சுண்டு ஒரு கொத்து என்று அவர்கள் கைக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

சேமிப்பும் தெரிவும்

கடற்காற்றின் ஈரம் இரத்மலானையில் சுவரையும் இரும்பையும் மட்டுமன்றி அரிசியையும் தாக்குகிறது. மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் ஒரு சாண் உயரப் பலகைமேல் அடுக்கி, வந்த திகதியைக் கரியால் எழுதி, முன்னே வந்ததை முன்னே கொடுக்க வேண்டும். தவிடு நீங்காத சிவப்பரிசி விரைவில் சிக்கு மணம் கொள்வதால் அதை முதலில் வெளியேற்றலாம். வண்டு தோன்றிய அரிசியைக் கொட்டிவிட வேண்டியதில்லை. பாயில் பரப்பி வெயிலில் காயவிட்டு, சுளகில் புடைத்து எடுத்தால் நல்ல அரிசியாகிவிடும், ஆனால் பூஞ்சணம் பிடித்ததையும் எலி தொட்டதையும் எந்த வகையிலும் கொடுக்கக் கூடாது. உப்பிய டின்மீன் தகரத்துக்கும் இதே விதி. கருவாடு அரிசிக்கு அருகில் இருந்தால் அரிசி முழுவதும் அதன் மணமாகும். உணவுச் சட்டத்தை (1980, இலக்கம் 26) நடைமுறைப்படுத்தும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதல் வாரத்திலேயே அழைத்து இடத்தைக் காட்டினால், அவர் பின்னர் குறை காண வருபவராக அல்லாமல் அறிவுரை சொல்பவராக இருப்பார். இரத்மலானைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மாலையில் விற்காமல் எஞ்சும் காய்கறியைக் கேட்டுப் பெறலாம். அதை அன்றே கொடுத்துத் தீர்க்க முடிந்தால் மட்டும் ஏற்கவும்.

கட்டிவைத்த பொதியைக் கையில் கொடுப்பதைவிடப் பெறுபவர் தாமே தெரிவுசெய்ய விடுவது நல்லது. அதற்கு எளிய வழி சீட்டு. குடும்பத்துக்கு 10 சீட்டு கொடுத்து, ஒரு கிலோ அரிசிக்கு 2 (3 கிலோ வரை மட்டும்), அரைக் கிலோ மைசூர்ப் பருப்புக்கு 2, தேங்காய்க்கு 1, ஒரு பிடி நெத்தலிக்கு 1 என்று வைத்தால், சைவ உணவுக்காரர் நெத்தலியை விட்டுப் பயறு எடுப்பார், நீரிழிவு உள்ளவர் சீனியை விட்டுக் கடலை எடுப்பார், எரிவாயு தீர்ந்துபோன வீட்டார் நீண்ட நேரம் வேக வேண்டிய கடலையை விட்டு விரைவில் வேகும் பருப்பை எடுப்பார். வாடகை அறையில் சமைக்க அனுமதியில்லாத தொழிலாளிக்கு அரிசியால் பயனில்லை; அவருக்கென அவலும் வாழைப்பழமும் பாணும் தனித் தட்டில் இருக்க வேண்டும். விலைச்சீட்டு ஒட்டும் இடத்தில் பொருளின் பெயர் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.

கைக்குழந்தைகளுக்கான பால்மாவை நன்கொடையாக யார் கொடுத்தாலும் களஞ்சியம் பகிரக் கூடாது. தாய்ப்பாலுக்குப் பதிலாக இலவசப் பால்மாவைப் பரப்புவதை 1981ஆம் ஆண்டின் உலக நெறிமுறை தடுப்பது, நீரும் அளவும் தவறிக் கரைத்த பால் குழந்தையின் உயிருக்கே கேடாகலாம் என்பதாலாகும். கருவுற்றவரும் பாலூட்டும் தாயும் வந்தால், அவர்களுக்கு வழக்கமான பங்கோடு ஒரு தேங்காயும் பயறும் கூடுதலாகக் கொடுத்து, திரிபோஷ சத்துமா பெறுகிறார்களா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறிய வழிசெய்ய வேண்டும்.

திறக்கும் நேரம் வேலை விடும் நேரத்தோடு பொருந்த வேண்டும். மாலை 5 மணிக்கு மூடும் களஞ்சியம் தொழிற்சாலைப் பெண்ணுக்கு இல்லாத களஞ்சியமே. காத்திருப்போருக்கு நிழலும் முதியோருக்கு நாற்காலியும் குடிநீரும் வேண்டும். ஒரு வாரம் பொருள் போதாது என்று தெரிந்தால், கடைசியில் நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பாமல், கதவு திறக்கும் முன்பே எல்லாருடைய அளவையும் சமமாகக் குறைத்து, 3 கிலோ 2 கிலோவாகிறது என்பதை வாசற்பலகையில் எழுதிவிட வேண்டும். மூடிய பின், அன்று பொறுப்பேற்ற இருவர் சேர்ந்து எஞ்சியதை அளந்து, வந்தது, போனது, மிஞ்சியது என மூன்று எண்களை அதே பலகையில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுச் செல்ல, மறுநாட் காலையில் அவ்வழியே பிடியரிசிப் பானையோடு வருபவரும் பையோடு வருபவரும் அதனை ஒன்றுபோல வாசிக்கலாம்.